பறவையைத் தைத்த கை

அந்தத் துணியைத் தொட்டால் விரல் நுனியில் கஞ்சியின் மொரமொரப்பு ஒட்டிக்கொள்ளும். மூக்கருகே கொண்டுபோனால் புதுப் பள்ளிப் புத்தகத்தைப் பிரித்தது போல ஒரு மணம் வரும். வெள்ளை வெளேரென்ற அதன் மேல், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற வெளிர் நீலத்தில் கொடியும் இலையும் ஓரம் முழுக்க அச்சாகியிருந்தன. நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் சிறகை மடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு சிறிய பறவை.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு பழைய அடுக்குமாடியின் நான்காம் மாடியில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கை கமலா சித்தி. அப்பா போர்ட் கிள்ளானிலிருந்து சரக்கு ஏற்றிப்போகும் லோரி ஓட்டினார். அம்மாவுக்குச் செராஸில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை. சித்தி மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் இருந்தார். அந்தத் துணியைக் கொண்டுவந்தவர் சித்திதான். யாரோ ஒரு வாடிக்கையாளர் சொல்லி வெளிநாட்டிலிருந்து வரவழைத்த "கிட்" அது. கேட்டவர் வாங்க வராமலே போனதால் கடை மூலையில் தூசி படிந்து கிடந்ததை, எங்கள் வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது என்று கேள்விப்பட்ட முதலாளி சித்தியிடம் கொடுத்துவிட்டார்.

பெட்டிக்குள் கோடு அச்சடித்த துணி, அடியில் வைக்க இன்னொரு வெள்ளைத் துணி, இரண்டுக்கும் நடுவே பரப்ப மெல்லிய பஞ்சு விரிப்பு, வெள்ளை நூல், குட்டை ஊசிகள், ஒரு செய்முறைத் தாள் எல்லாம் இருந்தன. துண்டு துண்டாக வெட்டி இணைக்கும் வேலை எதுவும் இதில் கிடையாது. மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடித்து, நீலக் கோட்டின் மேலேயே கையால் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு போக வேண்டும். தைத்த இடம் அமுங்கி, தைக்காத இடம் உப்பி, வெள்ளையின் மேல் வெள்ளையாக, வெறும் நிழலாலேயே கொடியும் இலையும் எழுந்து வரும். எல்லாம் முடிந்தபின் குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் நீலம் கரைந்துவிடும். அதற்கு முன்னால் இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டுவிட்டால் கோடு துணியோடு ஒட்டிக்கொண்டு எந்தக் காலத்திலும் போகாது என்று தாளில் எழுதியிருந்ததைச் சித்தி உரக்கப் படித்துக் காட்டினார்.

"இந்த வெக்கையில யாருடி இதப் போத்துவா?" என்றார் அம்மா.

"பொறக்கப்போற ராஜாவுக்குத்தான்க்கா. ஏர்கோன் போட்டா குளிரும் லா."

அப்பா அதை ஒருமுறை தூக்கிப் பார்த்து, "நல்ல செலிமுட்" என்று சொல்லிவிட்டு வைத்தார். மலாயில் போர்வைக்கு அதுதான் பெயர்; அதன்பின் எங்கள் வீட்டிலும் அதற்குச் "செலிமுட்" என்றே பெயர் நிலைத்துவிட்டது. மாலையில் அம்மாவும் சித்தியும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, மர வளையத்தில் துணியை இறுக்கிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாகக் கொடியை வளர்த்துக்கொண்டே போவார்கள். ஊசி மூன்று அடுக்கையும் துளைத்து வெளியே வரும்போது "டப்" என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். நூலின் முடிச்சை மெதுவாகச் சுண்டி இழுத்துப் பஞ்சுக்குள் மறைத்துவிடுவார்கள். துணியை விரலால் நெருடினால்தான் முடிச்சு இருக்கும் இடம் தெரியும்.

ஒரு மூலையில், ஓர் இலையின் பாதியில் இருந்தபோது அம்மாவுக்கு வலி கண்டது. அதற்குரிய நாள் இன்னும் வரவில்லை. தம்பி பிறந்தான், ஒரு பகல் இருந்தான், போய்விட்டான். அப்பா அவனைக் கிள்ளானில் தன் சொந்தக்காரர்களை அடக்கம் செய்த இடத்தில் வைத்துவிட்டு வந்தார். நான் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. என்ன நிறம், யார் சாடை என்று கேட்கவும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

சித்தி அந்தத் துணியை ஊசி குத்தியது குத்தியபடியே ஒரு பழைய கைலியில் சுற்றி, அம்மா அறையிலிருந்த இரும்பு அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். அதன்பிறகு வீட்டில் யாரும் அதன் பேரை எடுக்கவில்லை. அம்மா வேலைக்குத் திரும்பினார். சமைத்தார், துவைத்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார். ஆனால் கண் மட்டும் வேறெங்கோ இருக்கும். அப்பா வெளியூர் ஓட்டம் இல்லாத நாள்களில் பகல் முழுவதும் வீட்டில் இருந்தாலும் வாயைத் திறப்பது குறைந்துபோயிற்று.

சில மாதங்கள் கழித்து, பள்ளிக் கலைவிழாவுக்காக என் பட்டுப்பாவாடையைத் தேடி நாற்காலி போட்டு ஏறியபோது, கைலிச் சுருட்டு என் கை பட்டு அவிழ்ந்தது. பாதியில் நின்ற அந்த இலை எனக்கு நன்றாக நினைவிருந்தது. அது இப்போது முழு இலையாக இருந்தது. அதைத் தாண்டிக் கொடி நீண்டு, அடுத்த இலையும் முடிந்து, மூன்றாவதில் ஊசி நின்றது. தையல் மட்டும் கொஞ்சம் முரடாகத் தெரிந்தது. அழுதுகொண்டே தைத்தால் அப்படித்தான் வரும் போலிருக்கிறது, அம்மா யாருக்கும் தெரியாமல் தைக்கிறார் என்று எண்ணிக்கொண்டு மூடி வைத்தேன். பிறகு அவ்வப்போது ஏறிப் பார்ப்பது எனக்கு வழக்கமாயிற்று. ஒவ்வொரு முறையும் கொடி வளர்ந்திருந்தது.

தீபாவளி நெருங்கியபோது அலமாரியை ஒழிக்கப்போன அம்மா அதைப் பார்த்துவிட்டார். கூடத்துக்கு எடுத்து வந்து சித்தியின் மடியில் எறிந்தார்.

"யாரக் கேட்டு இதத் தச்ச? எனக்குன்னு அவன் விட்டுட்டுப்போனது இது ஒண்ணுதான், அதையும் எங்கிட்ட இருந்து புடுங்கிக்கணுமா?"

"சாமி சத்தியமா நான் தொடவே இல்லக்கா. நீதான் தைக்கிறன்னு நெனச்சு நான் ஒண்ணும் கேக்கல." சித்தியும் ஏற்கெனவே அதைப் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அம்மா நம்பவில்லை. சித்தி அழுதுகொண்டே பையில் துணிகளைத் திணித்தார்; ஷா ஆலமில் தோழி வீட்டுக்குப் போகிறேன் என்றார். வாசல் வரைக்கும் போனவர் செருப்பை மாட்டியபடியே திரும்பினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, நீயும் தைக்கல, நானும் தைக்கல. அப்ப அவனா இருக்குமோ?"

அம்மா தரையில் கிடந்த துணியை எடுத்து மடியில் பரப்பி, புதிதாக வந்த தையலின் மேல் விரலை மெதுவாக ஓட்டினார். ஓட்ட ஓட்ட அவர் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. சித்தி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பையை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

அன்று முதல் வேலையிலிருந்து வந்ததும் அம்மா நேராக அலமாரியிடம்தான் போவார். அது திறக்கும்போது எழும் "கிரீச்" சத்தம் கூடம் வரைக்கும் கேட்கும். "சாப்பிட்டியா கண்ணு?" என்று உள்ளே பார்த்துக் கேட்பார். "இன்னிக்கு அம்மாவுக்கு வேல ஜாஸ்திடா" என்பார். அழுகை நின்றுவிட்டது, முகத்தில் களை வந்துவிட்டது, சாப்பாட்டிலும் உப்பு சரியாக விழத் தொடங்கியது. சித்தியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர்த்தோம். அப்பா வீட்டில் இருக்கும்போது மட்டும் அம்மா இதை அடக்கிக்கொள்வார்.

ஒருநாள் அப்பா ஜோகூருக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். நான் பள்ளி விட்டு வந்து, எப்போதும் போல என்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தேன். மத்தியானம். அம்மாவும் சித்தியும் வேலையில் இருந்தார்கள். அறைக் கதவு திறந்திருந்தது, அலமாரியும் திறந்திருந்தது. கைலி விரிந்து கிடக்க, துணியின் நடு வட்டம் தட்டின் விளிம்பில் வெளியே தொங்கியது. அதில் ஊசி குத்தியிருந்தது. ஊசியிலிருந்து தொங்கிய நூல் இப்படியும் அப்படியுமாக ஆடிக்கொண்டிருந்தது. காற்றாடி ஓடவில்லை. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. நாற்காலியில் ஏறி ஊசியைத் தொட்டேன். யாரோ இவ்வளவு நேரம் விரலிடுக்கில் வைத்திருந்து இப்போதுதான் விட்டது போல அது வெதுவெதுப்பாக இருந்தது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. சித்தி வரும்வரை மாடிப்படியில், புத்தகப் பையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என்ன என்று கேட்டதற்கு வயிற்றுவலி என்றேன்.

மறுநாள் மாலை அப்பா ஊர் திரும்பினார். வாசல் திறந்தே இருந்ததால் அவர் வந்ததை அம்மா கவனிக்கவில்லை. அலமாரியின் முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, துணியை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"அம்மா தச்சதவிட நல்லா இருக்குடா கண்ணு. இன்னும் வேற என்ன வேணும் உனக்கு?"

அப்பா அறை வாசலில் அப்படியே நின்றார். தோளில் துணிப்பை, சட்டை முழுக்கப் பயணத்தின் வேர்வை. அவ்வளவு பெரிய உடம்பு ஒரு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"சாந்தி," என்றார். "அவன் இல்லம்மா. நான்தான் தச்சேன்."

அம்மா திரும்பிப் பார்த்தார். அப்பா மெல்ல வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டில் யாரும் இல்லாத பகல்களில், லோரியின் கிழிந்த கான்வாஸைத் தைத்துப் பழகிய கையால், கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்துவந்ததைச் சொன்னார்.

"அவனுக்குன்னு ஆரம்பிச்சது பாதியில நிக்குதேன்னு மனசு கேக்கல. உங்கிட்ட சொல்லவும் முடியல. கமலாவ நீ திட்டுனதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

அம்மா கத்துவார் என்று நினைத்தேன். அவர் ஓரத்துக் கொடியைத் தூக்கிப் பிடித்து, நீள நீளமாக விழுந்திருந்த அந்தத் தையலைப் பார்த்தார். பார்க்கப் பார்க்கச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கான்வாஸேதான். எனக்கு ஏங்க இது தெரியாம போச்சு?" என்று அப்பாவின் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டார். தம்பி போனபிறகு அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

வெகுநேரம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே அம்மா சொன்னார்: "ஆனா பறவைய மட்டும் எப்படிங்க இவ்வளவு பொடியாத் தச்சீங்க?"

"பறவையா? அத நான் தொடலையே. அது உனக்குன்னு விட்டு வச்சேன்."

அம்மா மடியிலிருந்த துணியைத் திருப்பிக் காட்டினார். வட்டத்துக்குள் பறவை முடிந்திருந்தது. மடித்த சிறகின் ஒவ்வொரு இறகும், அரிசியைவிடச் சிறிய தையலால். அம்மாவின் கையாலும் அவ்வளவு பொடியாகத் தைக்க வராது. அப்பா அதை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். சித்தி கிட்டே வரவே மறுத்தார். அப்போதுதான் நான் முந்தின நாள் மத்தியானம் கண்டதைச் சொன்னேன். ஊசி சுட்டதா என்று அப்பா கேட்டார். வெதுவெதுப்பாக இருந்தது என்றேன். அவர் என் கையைப் பிடித்து, அந்த விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். அம்மா பறவையைச் சுற்றிலும் நெருடிப் பார்த்தார். முடிச்சு எங்கும் தட்டுப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை அலசினோம். அம்மாதான் வேண்டுமென்று சொன்னார். குளியலறையில் பெரிய வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, நான்கு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இறக்கினோம். ஓரத்துக் கொடிகளின் நீலம் உடனே கரைந்தது. பறவையின் நீலம் மட்டும் தங்கித் தங்கி, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றியபின் கடைசியில் போயிற்று. முறுக்கிப் பிழியக் கூடாது. ஒரு துண்டுக்குள் வைத்துச் சுருட்டி ஈரத்தை ஒற்றியெடுத்து, வெயில் நேராகப் படாத நடையில் பாய் விரித்து அதன் மேல் காயவைத்தோம். காய்ந்தபோது துணி மெல்லச் சுருங்கி, பல வருடம் யாரோ போர்த்திப் பழகியது போல மென்மையாகிவிட்டது. அன்று மத்தியானம் அம்மா அதைப் போர்த்திக்கொண்டு தூங்கினார். பொழுது சாயும்வரை நாங்கள் எழுப்பவில்லை.

அந்த அடுக்குமாடி இப்போது இல்லை. இடித்துவிட்டுக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். சித்தி வேலை செய்த துணிக்கடையில் கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். இத்தனை வருடங்களும் அம்மா அந்தப் போர்வையை இயந்திரத்தில் போடவிடாமல் குளிர்ந்த தண்ணீரில் கையால் அலசி, மடிப்பு ஒரே இடத்தில் விழாதபடி மாற்றி மாற்றி மடித்து, நாங்கள் பிறகு குடிபோன செராஸ் வீட்டில் வைத்திருந்தார். தீபாவளிக்குக் கூடும்போது யாராவது பேச்சை எடுத்தால், சித்திதான் தைத்திருப்பார் என்று அம்மாவும், அக்காதான் என்று சித்தியும் சொல்வார்கள். இரண்டு பேருக்குமே அதில் நம்பிக்கை இல்லை என்பது குரலில் தெரியும்.

சென்ற ஆண்டு அப்பா காலமானார். பெட்டியை மூடுவதற்கு முன்னால் அம்மா உள்ளே போய் அந்தப் போர்வையை எடுத்து வந்தார். யாரோ ஒரு சொந்தக்காரர், "அக்கா, நல்ல துணி, பேரப்பிள்ளைகளுக்கு வச்சுக்கலாமே" என்றார். அம்மா அப்பாவின் மார்பு வரைக்கும் அதைப் போர்த்தி, ஓரத்தைச் செருகிவிட்டார்.

"அவன்கிட்டத்தான போறாரு. கையோட எடுத்துட்டுப் போகட்டும்."

போர்வையும் அவரோடு எரிந்தது. அதைப் படம் எடுத்து வைக்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றாமலே போய்விட்டது. மின்சுடலையிலிருந்து திரும்பும் வேனில் சித்திதான் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்.

"கடைசி வரைக்கும் அந்தப் பறவைய யாரு தச்சான்னு தெரியாமலே போச்சேக்கா."

அம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். திரும்பவும் மாட்டிக்கொண்டு, வெளியே சாலையைப் பார்த்தார்.

"இந்நேரம் அவருக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றார்.