முந்திக்கொண்ட ஆமென்

திண்டிவனத்து சி.எஸ்.ஐ. கோயிலில் அமல்ராணிக்கு ‘ஆமென் அக்கா’ என்று ஒரு பட்டம் உண்டு. வைத்தவள் பாடகர் குழு இளவரசி. அவள் வாய்க்குப் பூட்டுப் போட இதுவரை வந்த எந்தப் போதகராலும் முடியவில்லை.

அமல்ராணி பிறந்தது விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில். அங்கே கர்த்தர் கற்பித்த செபத்தில், தீமையிலிருந்து காப்பாற்றச் சொல்லிக் கேட்ட கையோடு ஆமென் போட்டுவிடுவார்கள். இங்கே ராஜ்யம், வல்லமை, மகிமை என்று இன்னும் ஒரு வரி ஓடும். அதற்குப் பிறகுதான் ஆமென். செல்வகுமாரைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில், கோயிலே ஒரே குரலாகப் போய்க்கொண்டிருக்கும்போது இவள் மட்டும் கணீரென்று ஆமென் சொல்லி நின்றுவிடுவாள். முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். இந்தச் சபையில் சேரத் திடப்படுத்தல் வாங்கியாயிற்று, பாடகர் குழுவுக்கு வெள்ளை அங்கி தைத்துக் கொடுத்தாயிற்று, அறுப்பின் பண்டிகைக்கு மூட்டை வெங்காயம் உரித்தாயிற்று; நாக்கு மட்டும் பிறந்த ஊரிலேயே நின்றது. உதட்டைக் கடித்துக் கடித்துத்தான் அந்த இடத்தைத் தாண்டப் பழகினாள். அதற்குப் பல வருஷம் பிடித்தது. பட்டம் அதற்கப்புறமும் போகவில்லை.

அப்பா பாக்கியசாமி கல்யாணத்துக்கு வரவில்லை. ஊர்க் கோயிலில் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். தன் மகளே வேறு கோயிலுக்குப் போனதை அவரால் விழுங்க முடியவில்லை. அன்றோடு பேச்சை விட்டார். அதே இயேசு, அதே சிலுவை, இதில் என்ன கோபம் என்று அமல்ராணிக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. யாருக்குத்தான் புரிந்தது?

இந்த ஆடியில் தம்பி இருதய அருண் போன் செய்தான். “அப்பாவுக்கு ஆளே தெரியலக்கா. என்னையே யாருன்னு கேட்டுக்கினு இருக்காரு. ஜல்தி வந்துட்டுப் போ.”

பஸ்ஸில் அவளுக்கு ஒரே நினைப்புதான். மகளென்று தெரிந்து ஒருமுறை திட்டினாலும் போதும்.

கட்டிலில் கிடந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “வாங்கம்மா. நர்சம்மாங்களா? குந்துங்க.”

அந்த ‘ங்க’ அவளுக்குச் சுருக்கென்றது.

“செபம் சொன்னா மட்டும் கூடவே சொல்றாரு. நீ சொல்லேன்க்கா,” என்றான் அருண்.

எந்தக் கோயில் சொற்களில் சொல்வது? அப்பா சொல்லித்தந்தபடிதான் ஆரம்பித்தாள். பாதியில் திண்டிவனம் வந்து கலந்தது. அந்த இடத்தில் அவர் ஆமென் சொல்லி நிறுத்தினார். இவள் வருஷக்கணக்கான பழக்கத்தில் ராஜ்யம், வல்லமை என்று ஓடிவிட்டாள்.

பாக்கியசாமி கண்ணைத் திறந்தார். “நீங்க திண்டிவனத்துக் கோயிலாம்மா?”

“ஆமாங்க.”

“எம் பொண்ணு அங்கதான் போவுது. அமலுன்னு பேரு. ஒரு ஞாயித்துக்கெழமை மல்லாட்டை வெதை பாக்கப் போறேன்னு வூட்ல பொய் சொல்லிட்டு, உங்க கோயில் மதிலோரமா வந்து நின்னேன். எல்லாரும் இப்டித்தான் இழுத்துக்கினு போனாங்க. ஒரு கொரலு மட்டும் ஆமென்னு நின்னுச்சு. எம் பொண்ணு கொரலு. அது போதும்னு பஸ் ஏறிட்டேன்.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியேப்பா,” என்றான் அருண்.

எதற்காக ஊர் சிரித்ததோ, எதை அமல்ராணி உதட்டைக் கடித்து ஒழித்தாளோ, அதைக் கேட்கத்தான் இந்த மனுஷன் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். வந்தவர் நாலு எட்டு வைத்து உள்ளே வந்திருக்கக் கூடாதா? கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடி சொன்னாள். அந்த இடம் வந்ததும், அந்தக் காலத்துக் கணீர்க் குரலில் ஆமென் என்று நின்றாள்.

அவர் கை துழாவி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. “சாப்ட்டியா, அமலு?”

அடுத்த ஞாயிறு திண்டிவனத்துக் கோயிலில் செபம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடம் நெருங்கியதும் அமல்ராணி வழக்கம்போல் உதட்டைக் கடிக்கப் போனாள். நின்றால் இங்கே இத்தனை வருஷம் பாடுபட்டது என்னாவது? தாண்டினால் மதிலோரம் நின்றவர் யார் குரலைக் கேட்டுவிட்டுப் போவார்? யோசித்து முடிப்பதற்குள் வாய் ஆமென் சொல்லிவிட்டது. பதறிப்போய் மற்றவர்களோடு சேர்ந்து ஓடி, கடைசியில் இன்னொரு ஆமெனும் சொன்னாள்.

உட்காரும்போது இளவரசி காதோரம் குனிந்தாள். “இன்னாக்கா, ரெண்டு வாட்டி சொல்ற?”

“ஒண்ணு வெளிய நிக்கிறவங்களுக்கு,” என்றாள் அமல்ராணி.

இன்னொன்று யாருக்கு என்று இளவரசி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அமல்ராணிக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.