டிரம்மரின் கை

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண் பரிசோதனை நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடியே வேண்டாமென்று அடம்பிடிப்பார்கள். வயதானால் கண் மங்கத்தான் செய்யும், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று இவர் அவர்களிடம் கரைந்து கரைந்து பேசுவார். பேசிக்கொண்டே லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்பார். கல்லாவில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்குக் காதே புளித்துவிட்டது.

விடுமுறை நாளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால் அதே கடை வேறு கடை. இவரும் இவருடைய சிநேகிதர், தையல்கடை வைத்திருக்கிற டெய்லர் அண்ணனும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஒரு ராக் குழுவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள். நான்கு பேர் கொண்ட அந்தக் குழு உடைந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இவர்கள் இன்னும் அதை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார்கள். பாடகர் தனியாகப் போய்ப் பெரிய ஆளானார். கிடாரிஸ்ட் சினிமாவுக்கு இசையமைக்கிறார். பாஸ் கிடார் வாசித்தவர் பாட்டையே மூட்டை கட்டி வைத்துவிட்டு வீடு விற்கும் தொழிலுக்குப் போய்விட்டார். டிரம்மர் மட்டும் எழுபதைத் தாண்டியும் சின்னச் சின்ன அரங்குகளில் வாசித்துக்கொண்டிருக்கிறார். குழு நிலைத்தது யாரால், உடைந்தது யாரால், பிரிந்த பிறகு உருப்பட்டது யார் என்று வாராவாரம் கடைக்குள் விசாரணை நடக்கும். தீர்ப்பு மட்டும் வராது. வந்துவிட்டால் அடுத்த வாரம் எதைப் பேசுவார்கள்?

டெய்லர் அண்ணனுக்கு டிரம்மர் என்றால் உயிர். பஸ்ஸில் யாரோ அந்த மனிதரைக் கேலி செய்தார் என்பதற்காகப் பாதி வழியில் இறங்கி, கொட்டும் மழையில் வீடுவரை நடந்தவர். அவரிடம்தான் என் வீட்டுக்காரர் வாயைக் கொடுத்தார். டிரம்மர் தன் பழைய பாட்டுகளையே மறுபடி வாசித்து ஒரு புது ரெக்கார்டு வெளியிட்டிருந்தார். அதை ஆசையாகப் போட்டுக் காட்டிய அண்ணனிடம், "அவனுக்குக் கை செத்துப்போச்சுடா, தட்டு அடிக்கிறதே கேக்கல" என்றார் இவர். தட்டு என்றால் டிரம்முக்கு மேலே நிற்கிற பித்தளைத் தட்டுகள். அந்த ஓசைக்காகவே இவர் ஒரு காலத்தில் ஒரே பாட்டைத் தேயத் தேயப் போடுவார்.

அண்ணன் எழுந்து போனார். அதற்குப் பிறகு கடைப்பக்கம் தலைகாட்டவில்லை, போனையும் எடுக்கவில்லை. இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் இறங்கிப்போக மனமில்லை. காதில் விழுந்ததைத்தானே சொன்னேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

காதில் விழுந்ததைத்தான் சொன்னார். அதுதான் எனக்குக் கவலை. ஃப்ரிட்ஜ் கதவைச் சரியாக மூடாவிட்டால் அது கீச்கீச்சென்று கத்தும். இவர் பக்கத்திலேயே நின்று நிதானமாகத் தண்ணீர் குடிப்பார். பேத்தி போனில் பேசினால் என்ன, என்ன என்று கேட்டுவிட்டு என்னிடம் நீட்டிவிடுவார். தடித்த சத்தமெல்லாம் கேட்கிறது. மெல்லிய, கூரான சத்தங்கள்தான் போய்விட்டன. காது டாக்டரைப் பார்க்கலாம் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். நீதான் முணுமுணுக்கிறாய் என்று பழியை என் மேலேயே போட்டார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதருக்கு இவ்வளவு வீம்பு.

போன விடுமுறை நாளில் டெய்லர் அண்ணன் ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஒரு பாட்டின் தொடக்கத்தில் டிரம் மட்டும் தனியாக வருகிற பகுதியைப் பழைய ரெக்கார்டிலிருந்தும் புதியதிலிருந்தும் வெட்டி எடுத்துப் போனில் கொண்டுவந்திருந்தார். எது பழசு, எது புதுசு என்று இவர் சொல்லவேண்டுமாம்.

"சரியா சொல்லிட்டா இனிமே டிரம்மர் பேச்சையே எடுக்க மாட்டேன். தப்பா சொன்னா, இந்தக் கடைப்படி ஏற மாட்டேன்."

இவர் நேராகப் போய்க் கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்தார். இவருக்குக் காது சரியில்லை என்று நான் சொன்னால் இவருடைய மானம் போகும். சொல்லாவிட்டால் இருக்கிற ஒரே சிநேகிதரும் போய்விடுவார். நாக்கு நுனிவரை வந்ததை மென்று விழுங்கினேன்.

கடை ஸ்பீக்கரில் முதலாவது ஓடியது. பித்தளைத் தட்டுகள் சலசலவென்று கொட்டின. என் வீட்டில் இத்தனை வருடம் ஓடிய ரெக்கார்டு, எனக்கே தெரிந்தது. பழசு.

"இது புதுசு," என்றார் இவர் சட்டென்று. "வெறும் தும்தும்தான் வருது. தட்டு எங்க?"

அண்ணன் இரண்டாவதைப் போட்டார். இவர் முன்னால் சாய்ந்தார். நெற்றி சுருங்கியது.

"இதுவும் புதுசுதான். யாருக்குடா காது குத்துற? பழசப் போடு."

அண்ணன் போனைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வரும்போது இருந்த விறைப்பெல்லாம் அவர் தோளிலிருந்து இறங்கிப்போனது.

"ஆமாடா," என்றார். "ரெண்டும் புதுசுதான். நீ சொன்னதுதான் சரி. அவனுக்குக் கை போயிடுச்சு."

ஜெயித்துவிட்டாரே, இனி தலைகால் தெரியாமல் ஆடுவார் என்று பார்த்தேன். இவர் கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியால் துடைத்தார், மறுபடியும் மாட்டிக்கொண்டு அண்ணனை உற்றுப் பார்த்தார்.

"பஸ்ஸ விட்டு இறங்கினவன்டா நீ. அவன விட்டுக்கொடுக்குற ஆளா?"

அண்ணன் அளவு நாடாவைச் சுருட்டத் தொடங்கினார்.

"அப்போ போனது அவன் கை இல்ல," என்றார் இவர்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. கட்டிய மனைவி தொண்டைத்தண்ணீர் வற்றச் சொன்னபோது மண்டையில் ஏறாதது, சிநேகிதர் சொன்ன ஒரே ஒரு பொய்யில் ஏறிவிட்டது. இவர் என் பக்கம் திரும்பி, நாளைக்கு டாக்டரிடம் போகலாம் என்று மட்டும் சொன்னார். பிறகு அண்ணனிடம் முக்காலியைக் காட்டினார்.

"உக்காரு. புதுச இன்னொரு தடவ போடு. தட்டு அடிக்கிறப்போல்லாம் விரலத் தூக்கிக் காட்டு."

அண்ணன் உட்கார்ந்தார். டிரம் தொடங்கியது. விரல் எழுந்தது, இறங்கியது, மறுபடி எழுந்தது. சோதனைப் பலகையில் எழுத்தைப் பார்க்கிறவர்போல இவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் விரலுக்கு ஓய்வே இல்லாமல் போனது.

"இவ்ளோ அடிக்கிறானா?" என்று கேட்டார்.

அண்ணன் தலையாட்டினார். விரலை நிறுத்தவில்லை.