சிட்டுவுக்குப் பதிலாக

பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் டிஷ்யூ மிஸ். மேசையில் எப்போதும் ஒரு டிஷ்யூ பெட்டி இருப்பதால் வந்த பெயர். உளவியல் படித்துவிட்டு, அந்தப் பள்ளியில் மாணவர்களுக்கு மனநல ஆலோசகராகப் பல வருடங்களாக வேலை பார்த்துவந்தார்.

அவருடைய அறை தலைமையாசிரியரின் அறையை ஒட்டினாற்போல் இருந்தது. எதிரே நோட்டீஸ் போர்டு, பக்கத்தில் தண்ணீர்க் குழாய், அதைத் தாண்டி மாடிப்படி. யார் எங்கே போவதென்றாலும் அந்த வாசலைக் கடந்துதான் போக வேண்டும். ஒரு பிள்ளை உள்ளே நுழைந்தால், வெளியே வருவதற்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். "என்னடா, டிஷ்யூ வாங்கப் போனியா?" என்ற கேலிக்குப் பயந்தே ஒருவரும் வருவதில்லை. ஆசிரியர்கள் பிடித்துத் தள்ளி வந்தவர்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நகத்தைப் பார்த்தபடி, "ஒண்ணும் இல்ல மிஸ்" என்பார்கள். மணி அடித்ததும் எழுந்து ஓடுவார்கள்.

இந்த நிலையில்தான் பள்ளிக்குச் சிட்டு வந்தது. கம்ப்யூட்டர் லேபில் மாணவர்கள் ஏதாவது ஒரு புனைபெயரில் நுழைந்து மனதில் இருப்பதை எழுதலாம். சிட்டு என்ற அந்த மென்பொருள் பதில் சொல்லும். உயிருக்கு ஆபத்தான பேச்சு வந்தால் மட்டும் எழுதியவரின் உண்மைப் பெயர் பள்ளிக்குத் தெரியும். வாசலில் பெரிய பேனர் கட்டினார்கள். பெற்றோர் கூட்டத்தில் கைதட்டல் வாங்கினார்கள்.

சிட்டுவோ சரியான மக்காக இருந்தது. "எங்க தாத்தா செத்துட்டார்" என்று ஒரு பையன் எழுதினான். "அருமை! பகிர்ந்ததற்கு நன்றி. தண்ணீர் அருந்துங்கள்" என்றது. பிள்ளைகள் அதனிடம் விடுகதை போட்டு விளையாட ஆரம்பித்தார்கள். சரிசெய்ய நாளாகும் என்று கம்பெனிக்காரர் கையை விரித்தார். தலைமையாசிரியர் டிஷ்யூ மிஸ்ஸைக் கூப்பிட்டனுப்பினார்.

"மிஸ், கொஞ்ச நாளைக்கு நீங்களே சிட்டுவா இருங்களேன்."

"புரியல சார்."

"பசங்க எழுதறது உங்க ஸ்கிரீன்ல வரும். நீங்க பதில் அடிங்க. அது சிட்டு பேர்ல போகும்."

"அவங்க மெஷின்னு நெனச்சுல்ல சார் எழுதுவாங்க?"

"அதான் மிஸ் வேணும். நேரா உங்ககிட்ட வான்னா யாரு வர்றாங்க?"

அவர் ஒப்புக்கொண்டார். யாரிடமும், வீட்டில்கூட, மூச்சுவிடக் கூடாது என்று சொல்லிவிட்டார் தலைமையாசிரியர். யாராவது நேராகக் கேட்டால் அனுப்ப ஒரு வாக்கியமும் எழுதித் தந்தார்: நான் ஒரு கணினி நிரல்.

லேபுக்குப் பின்னால் சர்வர் வைத்திருந்த அறையில் அவருக்கு இடம் ஒதுக்கினார்கள். ஜன்னல் கிடையாது. பெட்டிகள் சூடாகிவிடக் கூடாது என்று ஏசி எந்நேரமும் ஓடும்; வெளியே வெயில் கொளுத்தும் நாளிலும் அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாரும் வந்துவிடாமலிருக்க உள்ளே தாழ்ப்பாள். லேபுக்கும் இந்த அறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கம் பிள்ளைகள் தட்டச்சு செய்யும் சத்தம் முதலில் கேட்கும். எழுத்து பிறகு திரைக்கு வரும்.

பிள்ளைகள் கொட்டித் தீர்த்தார்கள். ஒன்பது வருடமாக "ஒண்ணும் இல்ல" என்றவர்களுக்குள் இவ்வளவு இருந்ததா என்று அவர் மலைத்துப்போனார். பரீட்சைப் பயம், பேசாமல் போன சிநேகிதி, கண்ணாடி முன்னால் நிற்கப் பிடிக்காத பெண், கழிவறையில் போய்ச் சாப்பிடும் பையன். ஒருத்தன் எழுதினான்: "டிஷ்யூ மிஸ்கிட்ட மட்டும் போயிடக் கூடாது சிட்டு. அவங்க முகத்தைச் சோகமா வச்சுக்கிட்டுக் கேப்பாங்க. பாவமா இருக்கும்." படித்துச் சிரித்தார். "நான் மெஷின். எனக்கு முகமே இல்லையே" என்று பதில் அடித்தார்.

ஒரு நாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. எட்டி அந்தப் பலகையைத் தட்டினால்கூடப் போதும். பக்கத்தில் ஒரு ஆள் இருப்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். தட்டக் கூடாது. கையை மடியில் இறுக்கிக்கொண்டு, "இங்கேதான் இருக்கேன். மெதுவா எழுது" என்று அனுப்பினார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விரல்கள் மறுபடி தட்ட ஆரம்பித்தன. வராந்தாவில் வரிசையாகப் போகும் பிள்ளைகளில் அது யார் என்று அன்று மாலை தேடிப் பார்த்தார். எல்லா முகமும் ஒரே மாதிரிதான் இருந்தது.

வீட்டுக்குப் போனாலும் விடுதலை இல்லை. சிட்டுவை வீட்டிலிருந்தும் திறக்கலாம்; சாயங்காலத்தில் பிள்ளைகள் எழுதுவதும் அவருடைய போனுக்கு வந்தது. சாப்பிடும்போது மடியில் போன். கணவர் டயர் கடை வைத்திருந்தார். நாளெல்லாம் உழைத்துவிட்டு வந்து இவரோடு ஒரு வார்த்தை பேசக் காத்திருப்பவர்.

"யாரு அது, ஓயாம?"

"ஸ்கூல் விஷயங்க."

"அப்ப ஏன் என்னைப் பார்த்ததும் கவுத்து வைக்கறே? மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மாமியார் சிரிக்கவில்லை. "போனைப் பார்த்துத் தானா சிரிக்கறா, தானா கண்ணைத் தொடைக்கறா. நல்லதுக்கில்ல" என்று மகனிடம் சொன்னது சமையலறை வரை கேட்டது. இரண்டு வார்த்தையில் விளக்கிவிடலாம். விளக்க வாயில்லை. ஊமை கண்ட கனவுபோல எல்லாம் உள்ளேயே கிடந்து புழுங்கியது.

எழுதியவர்களில் ஒருத்தி தனக்கு ஈரச் சாக்ஸ் என்று பெயர் வைத்திருந்தாள். வீட்டில் யாரும் எதையும் கவனிப்பதில்லை, காயாத சாக்ஸையே மாட்டிக்கொண்டு வருகிறேன் என்றாள். அப்பாவும் அம்மாவும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசிக்கொள்வதில்லை. எது சொல்வதென்றாலும் இவள் மூலம்தான். "அம்மாகிட்ட கேஸ் தீர்ந்துடுச்சுன்னு சொல்லு." "அப்பாகிட்ட, தெரியும்னு சொல்லு." திட்டையும் இவள்தான் சுமந்து போய்க் கொடுக்க வேண்டும்.

"எங்க வீட்டுல நான்தான் வாட்ஸ்அப்" என்று எழுதியிருந்தாள். "ரெண்டு பேரும் பார்த்துட்டுப் பதில் போடாம இருப்பாங்க. அது ரொம்பக் கொடுமை சிட்டு."

"இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?"

"இல்ல. மனுஷங்ககிட்ட சொன்னா அவங்க முகம் மாறும். அப்புறம் அந்த முகத்தை நான் சமாளிக்கணும். நீ மெஷின்கறதாலதான் சொல்றேன்."

அதைப் படித்ததும் அவர் எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார்; திறக்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தார். சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு இருக்கும் ஒரே இடமும் போய்விடும். சொல்லாமலிருந்தால் ஏமாற்றுகிறோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

மதிப்பெண் அட்டை கொடுக்கும் நாள் வந்தது. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை விடுப்பில் இருந்ததால் அவருடைய இடத்தில் டிஷ்யூ மிஸ்ஸை உட்கார வைத்தார்கள். வகுப்பு முழுக்கப் பெற்றோர் வரிசையில் காத்திருந்தார்கள். ஓர் அப்பா, ஓர் அம்மா, நடுவில் மெலிந்த ஒரு பெண். அவளுடைய கணக்கு மதிப்பெண் குறைந்திருந்தது.

அப்பா மகளைப் பார்த்துச் சொன்னார்: "டியூஷன் போதும் போதும்னு யார் நிறுத்தினாங்கன்னு உங்கம்மாவைக் கேளு."

ஒரு கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னாள்: "கூட்டிட்டுப் போக யாருக்கு நேரமில்லன்னு உங்கப்பாவைக் கேளு."

பெண் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பினாள். வாய் திறந்து, எதை முதலில் சொல்வதென்று தெரியாமல் நின்றாள். அப்போதுதான் டிஷ்யூ மிஸ்ஸுக்கு அவள் யாரென்று புரிந்தது. புரிந்த அதே நொடியில் வாய் முந்திக்கொண்டது.

"சார், அவ ஒண்ணும் உங்க வீட்டு வாட்ஸ்அப் இல்ல. உங்க மனைவி இதோ இருக்காங்க. நேரா அவங்ககிட்ட பேசுங்க!"

பின்னால் நின்றவர்களில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். அப்பாவின் முகம் சிவந்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். டிஷ்யூ மிஸ் பெண்ணைப் பார்த்தார். அவள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம்கூட இல்லை அந்தக் கண்ணில். எல்லோர் முன்னாலும் துணியை உருவிவிட்டதுபோல ஒரு வெறிப்பு. மதிப்பெண் அட்டையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

மறுநாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் சில எழுத்துகளைத் தட்டும் சத்தம். திரையில் ஒரே வார்த்தை வந்தது.

"நீங்கதானா?"

இத்தனை நாளும் அவள் சிட்டுவை 'நீ' என்றுதான் எழுதியிருந்தாள். டிஷ்யூ மிஸ் தலைமையாசிரியர் தந்த வாக்கியத்தை அடித்தார். நான் ஒரு கணினி நிரல். அதைப் பார்த்தார். அழித்தார். "ஆமாம்மா. நான்தான். மன்னிச்சுக்கோ" என்று அனுப்பினார். பலகைக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

விஷயம் பள்ளி முழுக்கப் பரவ ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. லேபில் சிட்டுவைத் திறக்க ஆளில்லை. தலைமையாசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நுணலும் தன் வாயால் கெடும்ங்கறது சரியாப் போச்சு மிஸ். இல்லவே இல்லன்னு சொல்லியிருக்கலாமே?"

"அவ கேட்ட பிறகு முடியல சார்."

ராஜினாமா கடிதம் எழுதலாமா என்று நினைத்தார். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் அடுத்து வருகிறவரைக் கொண்டுபோய் அதே அறையில், அதே ஸ்வெட்டரில் உட்கார வைப்பார்கள். பிள்ளைகள் சொன்னதெல்லாம் அந்த ஆள் கைக்குப் போகும். போகவும் முடியாமல், இருக்கவும் பிடிக்காமல் இருந்தார். அன்றைக்கு வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கணவர் கேட்டுவிட்டு, "இதையா இத்தனை நாள் தனியா முழுங்கிக்கிட்டு இருந்தே?" என்றார். மாமியார் மருமகள் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினார்.

சில நாள் கழித்து அந்தப் பெண், இடைவேளை நேரத்தில், எல்லோரும் பார்க்க, அவருடைய அறைக்குள் நேராக வந்தாள். உட்காரவில்லை.

"நான் எழுதினது எல்லாத்தையும் அழிக்கணும்."

"அழிக்கச் சொல்றேன்."

"சொல்றேன்னா நம்பமாட்டேன். நான் பார்க்கணும்."

அதெல்லாம் பள்ளியின் பதிவு, அழிக்க முடியாது என்றார் தலைமையாசிரியர். டிஷ்யூ மிஸ் அதுவரை அவர் முன்னால் குரல் உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. "அழிக்கிற வரைக்கும் நான் சிட்டுவுக்குப் பதிலா எழுதமாட்டேன் சார். இனிமே எழுதினாலும், எழுதறது ஒரு ஆள்னு முதல் வரியிலயே இருக்கணும்" என்றார். தலைமையாசிரியர் பேனரை நினைத்துப் பார்த்தாரோ என்னவோ, கடைசியில் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டார்.

சர்வர் அறையில் அந்தப் பெண் கைகட்டி நின்று பார்த்தாள். திரை காலியானது. போகத் திரும்பியவள், கதவருகில் நின்றாள்.

"இப்ப அப்பாவும் அம்மாவும் நேராவே சண்டை போடறாங்க மிஸ்."

"உனக்கு எப்படி இருக்கு?"

"சத்தம் ஜாஸ்தி. ஆனா நான் நடுவுல இல்ல." கதவை இழுத்துத் திறந்தபடி சொன்னாள்: "இதுக்காக நான் உங்ககிட்ட மறுபடி வருவேன்னு நெனைக்காதீங்க."

"நெனைக்கல."

சொன்னபடியே அவள் பிறகு வரவில்லை. சிட்டுவின் முதல் வரி மாறியது. எழுதுகிறவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோனார்கள். டிஷ்யூ மிஸ் இன்றைக்கும் அந்தக் குளிரில்தான் உட்கார்ந்திருக்கிறார், தாழ்ப்பாள் போடாமல். வராந்தாவில் எதிர்ப்பட்டால் அந்தப் பெண் எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்வதுபோல "வணக்கம் மிஸ்" என்கிறாள். வீட்டில் எப்படி இருக்கிறது என்று கேட்க இவருக்கு நாக்கு நுனி வரை வரும். கேட்கும் பாத்தியதை தனக்கில்லை என்று தெரிந்து, முகத்தை மாற்றிக்கொள்ளாமல், "வணக்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துவிடுகிறார்.