பன்னிரண்டு அறைகள் கட்டிய பொன்னுத்தாய் அம்மையார்

செவ்வாய்க்கிழமை காலைப் பூசை முடிந்து திருநீறு அணியும் வேளையில் சிவகாசியிலிருந்து தொலைபேசி வந்தது. "ஐயா, எங்க வீட்டுக்காரி போயிட்டாய்யா" என்றார் பொன்னுத்தாய் அம்மையாரின் கணவர். அம்மையார் சில திங்களாக நோயுற்றிருந்தார் என்பதை அறிவேன். ஆயினும் அன்று திருநீறு அணிய மறந்தேன்.

அறியாதவர்க்குச் சொல்கிறேன். பட்டாசுத் தொழிலாளி ஒருவரின் மகளான அம்மையார், நாட்காட்டி அச்சிடும் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் கணினியில் எழுத்துக் கோத்தவர். விருதுநகரிலிருந்து நான் எழுதி அனுப்பும் விரத நாள்களும் திருவிழாக் குறிப்புகளும் அவர் விரல்வழியே நாட்காட்டியின் தினத்தாள்களில் ஏறின.

வந்த முதல் மாதமே என் பிழையொன்றைப் பிடித்தார். "அடுத்தடுத்த வாரம் ரெண்டு வளர்பிறைப் பிரதோசம் போட்டிருக்கீகளேய்யா, வானத்துல நிலா ரெண்டா?" நாணினேன், உடனே மகிழ்ந்தேன்.

பழைய ஆண்டின் கணினிக் கோப்பையே எடுத்து, அதன்மேல் புதிய ஆண்டைத் தட்டச்சிடுவது கம்பெனி வழக்கம். என் திருத்தம் எதையும் அழிக்கலாகாது என்பது என் பிடிவாதம். வண்ண வண்ணக் குறிகளாக அவை ஓரத்தில் பெருகின. வியாபாரிகளுக்குக் காட்ட, வரும் ஆண்டு நாட்காட்டிகளின் மாதிரி ஆல்பம் ஆடிப் பதினெட்டுக்கு வெளியிட வேண்டும். ஓர் ஆண்டு ஆனியிலேயே கோப்பு நோயுற்றது. திறக்கும், நாலு பக்கம் நகர்ந்ததும் உறைந்துவிடும்.

"தூக்கிப் போடுங்க, புதுசா அடிச்சுக்கிடலாம்" என்றார் முதலாளி. பதினான்கு ஆண்டு ஆய்ந்து சேர்த்த என் குறிப்புகள் அதனுள் மட்டுமே இருந்தன. கைப்படிகளைக் கரையான் தின்றிருந்தது.

"நாலு நாள் குடுங்க, அண்ணாச்சி" என்றார் அம்மையார்.

மூலத்தைத் தொடாமல் படியெடுத்தார். படியை இரண்டாகப் பிரித்தார். உறைந்த பாதியை மீண்டும் இரண்டாக்கினார். இவ்வாறு பிளந்துகொண்டே போய், மூன்றாம் நாள், யாரோ என்றோ செப்டம்பர்ப் பக்கத்தில் ஒட்டிய சிதைந்த அட்டவணை ஒன்றில் நோயைக் கண்டார். அதை நீக்கி, பழைய குறிகளைக் களைந்து, என் குறிப்புகளைத் தனியே காத்து, மாதத்துக்கொன்றாகப் பன்னிரண்டு கோப்புகள் அமைத்தார்.

"வருசம்னா ஒண்ணுதானேம்மா, ஏன் துண்டாக்குறீக?" என்றேன்.

"பட்டாசு கம்பெனியில அம்புட்டு மருந்தையும் ஒரே ரூம்லயா வைப்பாக? ஒண்ணு வெடிச்சா அடுத்ததுக்குப் பரவக் கூடாதுன்னுதான் எங்கம்மா வேலை பார்த்த ரூமெல்லாம் தள்ளித் தள்ளி இருக்கும். நீங்க என்னடான்னா பதினாலு வருசத்தையும் ஒரே ரூம்ல அடைச்சு, கதவையும் சாத்திட்டீக!"

மறையையே நான்காக வகுத்தன்றோ காத்தனர் முன்னோர்? இத்தனை ஓதியும் எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றிற்று. ஆல்பம் குறித்த நாளில் வெளிவந்தது. முதற்படியை அவர் கையில் தரச் சொன்னேன். "போங்கய்யா, கூச்சமா இருக்கு" என்றார். ஆனால் வாங்கிய படியை மாலைவரை கீழே வைக்கவில்லை.

அவர் மறைந்த மூன்றாம் நாள் முதலாளி அழைத்தார். "ஐயா, கரண்ட் போனதுல, அடிச்சுக்கிட்டிருந்த மே மாசம் கெட்டுப் போச்சுங்க."

"மத்ததெல்லாம்?" என்றேன்.

"பதினொண்ணும் பத்திரமா இருக்குய்யா. உங்க குறிப்பும் இருக்கு."

மே மாதத்தை இன்று மீண்டும் எழுதத் தொடங்கிவிட்டேன். சென்று வாருங்கள், அம்மா. ஓர் அறைதான் வெடித்தது. நீங்கள் எழுப்பிய சுவர்கள் நிற்கின்றன.