லைன் கிடைக்காத சனிக்கிழமை

பதினொரு வயதில், ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது ஒரு சனிக்கிழமை என்னைக் காட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஏன் என்னை என்பதுதான் விளங்கவில்லை. எங்கள் பள்ளியில் வெளியே கூட்டிப்போக வேண்டுமென்றால் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்திருக்க வேண்டும். நான் இரண்டிலும் இல்லை. கவுன்சலிங் டீச்சரைக் கேட்டதற்கு, "ஒம் பேரு வந்துச்சும்மா, போய்ட்டு வா" என்றார். எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. குலுக்கல்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அப்போது செந்தூலில் ஒரு பிளாட்டில் இருந்தோம். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டிருந்தன. பேச்சும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். அப்பா கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டினார். விடிவதற்குள் கிளம்பிவிடுவார். நான் பள்ளியில் இருக்கும் நேரம் பக்கத்து வீட்டு ஆன்டி எட்டிப் பார்ப்பார். மற்றபடி அம்மாவைக் குளிப்பாட்டுவது, தலை வாருவது, மாத்திரை கொடுப்பது, பாத்ரூமுக்குத் தாங்கிக் கூட்டிப்போவது எல்லாம் நான்தான். அதை ஒரு வேலையென்று நினைத்ததே இல்லை. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிவிட்டு வந்து இதைத்தான் செய்கிறார்கள் என்பது போல இருந்தேன்.

அன்று அப்பா லீவு போட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது என் திடமான அபிப்பிராயம். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், தண்ணீரை எப்படிக் கொடுத்தால் புரையேறாது என்று எல்லாவற்றையும் ஒப்பிக்க வைத்தேன். மத்தியானம் போன் பண்ணிக் கேட்பேன் என்றும் எச்சரித்தேன். அத்தனை பெரிய லோரியை ஓட்டுகிற மனிதர் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார்.

பஸ் காஜாங்கைத் தாண்டி மலைப்பக்கம் போனது. உள்ளே பல பள்ளிப் பிள்ளைகள்; என் பக்கத்தில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்த பையன் ஒருவன். அவனை எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டேன்.

"எனக்கு நீச்சல் தெரியும்லா, அதான்" என்றான்.

போய்ப் பார்த்தால் ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர்.

எங்களைக் கவனித்துக்கொள்ள வந்திருந்த அக்காவிடம் போன் கேட்டேன். "இங்க லைன் இல்லம்மா. மேல பார்க்கிங் போனா கெடைக்கும். சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றார்.

சாப்பாட்டில் கோழி இருந்தது. பையன் எலும்பை எடுத்துவிட்டு இறைச்சியை நூல் நூலாகப் பிய்த்துக்கொண்டிருந்தான். பிய்த்து முடித்துவிட்டுத் தட்டையே பார்த்தான்.

"யாருக்கு அது?" என்றேன்.

"தம்பிக்கு. அவனால மெல்ல முடியாது… பழக்கத்துல பிச்சிட்டேன்."

என் தட்டைப் பார்த்தேன். நானும் அதையேதான் செய்து வைத்திருந்தேன். பிய்த்ததை இரண்டு பேரும் நாங்களே சாப்பிட்டோம்.

பிறகு அக்கா ஒரு கல்லுக்கடியிலிருந்து எதையோ எடுத்து மண்ணில் வைத்தார். பழுப்பு நிறத்தில், கோலிக்குண்டைவிடப் பெரிய உருண்டை. "மரவட்டையில இது ஒரு வகை. பயந்தா சுருண்டுக்கும். சத்தம் போடாம இருந்தா தொறக்கும்" என்றார். சுற்றி உட்கார்ந்தோம். அதற்குக் கண் உண்டா? உள்ளே மூச்சு விடுமா? நாங்கள் இருப்பது தெரிந்துதான் திறக்காமல் இருக்கிறதா? கேட்க ஆயிரம் இருந்தும் யாரும் வாயைத் திறக்கவில்லை. வழக்கமாக வரும் பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓடிவிடுவார்களாம். எங்களில் ஒருவரும் அசையவில்லை என்று அக்கா ஆச்சரியப்பட்டார். எங்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. யாராவது கண் விழிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எங்களுக்குத் தெரிந்த விஷயம்.

கடைசியில் ஒரு பிளவு தெரிந்தது. அதிலிருந்து மெல்லிய கால்கள் ஒவ்வொன்றாக நீண்டன. நிமிர்ந்து, நிதானமாக நடந்து, இலைக்குள் போய்விட்டது. நாங்கள் கத்திய கத்தலில் அக்கா காதைப் பொத்திக்கொண்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு கல்லாகப் புரட்டினோம்.

திரும்பும்போது மேலே பார்க்கிங்கில் பஸ் ஏறியதும் பெரியவர்களுடைய போன்கள் ஒரே நேரத்தில் சிணுங்கின. அப்போதுதான் நினைவு வந்தது. நான் அழைக்கவே இல்லை. இனி அழைத்து என்ன சொல்வது என்று பயந்து, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் அம்மா கதவைப் பார்த்தபடி நாற்காலியில் இருந்தார். மடியில் போன்.

"மாத்திரையெல்லாம் கரெக்டா குடுத்துட்டேன்" என்றார் அப்பா முந்திக்கொண்டு. "அம்மாதான் போனக் கீழ வைக்கல."

"மறந்துட்டேம்மா" என்றேன்.

அம்மா என்னையே பார்த்தார். "என்ன… பார்த்து… மறந்த?"

மரவட்டையைப் பற்றிச் சொன்னேன். தரையில் படுத்துச் சுருண்டும் காட்டினேன். அம்மாவின் வாய் ஒரு பக்கமாக விரிந்தது. நோய் வந்தபின் அவர் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன். "பொறகு?" என்றார். சொன்னேன். மறுபடியும் "பொறகு?"

அத்தனை சந்தோஷமாக இருந்தவரிடம், தப்பைச் சரிசெய்துவிடும் அவசரத்தில் சொன்னேன்: "அடுத்த தடவ எங்க போனாலும் ஒங்கள மறக்கவே மாட்டேம்மா. சத்தியமா."

சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா தேநீர் போடுகிறேன் என்று அடுப்படிக்குள் போய்விட்டார்.

நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். அதனால் அவருடைய நல்ல கையைப் பிடித்து என் தலைமேல் வைத்து, இன்னொரு தடவை சத்தியம் செய்தேன்.