நாய்க்குட்டிக்குத் தலைதட்டி ஒரு மங்கு

மலாயாவில், செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவில் நான் ஆயாவாக இருந்தேன். துரைசாணி சீமையிலிருந்து ஒரு வெள்ளை நாய்க்குட்டியை வரவழைத்தாள். வளர்ந்தாலும் பூனை அளவுதானாம். அதற்குச் சாப்பாடு போடும் வேலை எனக்கு வந்தது. எனக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. அது என் காலைச் சுற்றிய முதல் நாளே, இது என்னுடையது என்று தீர்மானித்துவிட்டேன். துரைசாணி கிடக்கிறாள்!

ரப்பர் பால் பிடிக்கிற மங்கில் சின்னதாகப் புதிது ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வேகவைத்த இறைச்சியும் சோறும் பிசைந்து, வேளைக்குத் தலைதட்டி ஒரு மங்கு. மேலே ஒரு பருக்கை கூடாது என்று தன் ஓட்டைத் தமிழில் சொன்னாள். சின்ன சாதி நாய் கொழுத்தால் மூச்சு வாங்குமாம், கால் தாங்காதாம். விலாவைத் தடவினால் எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டுமாம், கண்ணுக்குத் தெரியக் கூடாதாம்.

நல்ல நியாயம்! தலைதட்டி அளப்பது கடைக்காரன் வேலை. நம் வீட்டில் ஒருவருக்கு அப்படிச் சோறு போட்டால் காறித் துப்ப மாட்டார்களா? இருந்தாலும் அளந்துதான் போட்டேன், தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து புதுப் பெண்சாதி வந்து சேரும்வரை.

அவள் வீடு பங்களா மேட்டுக்குக் கீழே. ஒருநாள் குட்டியைக் காணோம் என்று தேடிப் போனால், அவள் மடியில் கிடக்கிறது. வாயெல்லாம் தேங்காய்ப்பால் வாசம்.

"என்னம்மா குடுத்தீங்க?"

"ஒண்டுமில்லை ஆயா, சொதியில ஒரு துண்டு இடியப்பம். பாவம், பசியோட வந்திட்டுது."

பசியோடவா! என் வயிறு பற்றி எரிந்தது. நான் பட்டினி போடுகிறேன் என்றல்லவா சொல்கிறாள்? புருஷன் இருக்கிறான், ஏவலுக்கு ஆள் இருக்கிறது, என் குட்டியும் வேண்டுமா அவளுக்கு? மறுநாளே மங்கில் சோறு கோபுரமாக எழும்பியது. அவள் புட்டு கொடுத்தால் நான் ஈரல் கொடுத்தேன். அவள் பால் ஊற்றினால் நான் நெய் ஊற்றினேன்.

குட்டி உருண்டு திரண்டுவிட்டது. படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது. அவள் கண்தான் பட்டுவிட்டது, வேறென்ன? உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். பார்த்தால், அவளும் அன்று காலையிலேயே சுற்றிப் போட்டிருக்கிறாள், என் கண் பட்டதாம்!

பங்களாச் சமையல்காரன் தலையில் அடித்துக்கொண்டான். "ஏன்லா அக்கா, ஆளுக்கு ஆள் நாயைப் புகையிலே வாட்டுறீங்க? வறுத்துத் திங்கவா?"

துரைசாணி விலாவைத் தடவினாள். எலும்பே அகப்படவில்லை. எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினாள். இனி ஆயா கை மட்டும்தான் போட வேண்டும், அதுவும் தலைதட்டி. வேறு யார் ஒரு வாய் கொடுத்தாலும் சரி, ஆயாவே ஒரு பிடி கூட்டினாலும் சரி, குட்டி ஈப்போவில் இருக்கும் அவள் சிநேகிதி வீட்டுக்குப் போய்விடும். கிராணி பெண்சாதி கண் கலங்கி, "இனிமேல் குடுக்க மாட்டன்" என்றாள். தொலைந்தாள் சனியன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். நானும் கத்தி முதுகால் வழித்து அளந்தேன். மெல்ல மெல்ல வயிறு வற்றியது. எலும்பு விரலில் தட்டுப்பட்டது. குட்டி படிகளில் துள்ளி ஓடியது. துரைசாணி என்னைப் புகழ்ந்தாள்.

எங்கே ஓடியது தெரியுமா? மங்கை நக்கி முடித்ததும், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேரே வேலிக்குள் நுழைந்து கீழே போனது. ஒருநாள் பின்னாலேயே போனேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பாதத்தின்மேல் தலை வைத்துக் குட்டி தூங்கியது.

என்னைக் கண்டதும் பதறிப்போய் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். "ஐயோ ஆயா, நான் ஒண்டும் குடுக்கேல்லை. சத்தியமா."

அவள் கொடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.