எந்தப் பெட்டியில் போடுவது?

தோழிகளுக்கு,

"அம்மாவால் மூன்று வருஷம் காத்திருக்க முடியாது, அப்பா." இதைத்தான் இன்று பஸ்ஸில் நான் சொல்லவில்லை.

ஜில்லா போர்டு தேர்தலுக்காக வேலூர் போய்க்கொண்டிருந்தோம். ஆற்றுக்குப் பாலம் கட்டுவதாக தேர்தலில் நிற்கிற இரண்டு பேருமே நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள். ஓட்டுப் போட ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி. மஞ்சள் பெட்டிக்காரர் பாலத்தில் சுங்கம் வைப்பாராம். வரும் கோடையிலேயே வேலை ஆரம்பம். பச்சைப் பெட்டிக்காரர் நிலத்துக்கு வரி போடுவாராம். பணம் சேர மூன்று வருஷம், ஆனால் பாலத்தில் யார் போனாலும் காசு இல்லை.

"நீதான் ரெண்டையும் படிச்சே. எதுல போடட்டும் சாமி?" என்றார் அப்பா.

பக்கத்திலேயே அம்மா. அக்கரை ஆஸ்பத்திரிக்கு வாரம் தவறாமல் பரிசலில் போகிறவள். போன வாரம் டாக்டரம்மா என்னிடம் மட்டும் சொன்னது அவளுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஏனுங்க, கூடையில நாலு கோழி கொண்டுபோறவகிட்டயும் சுங்கமா? பச்சையிலயே போடுங்க. பாலம் மெல்ல வரட்டும், நான் எங்க போயிடப் போறேன்?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

வரி வரியாக ஒப்பிட்டுப் படித்தவளுக்கு இதுதான் மரியாதை. உங்கள் வீட்டில் யார் பேச்சு எடுபட்டது, எழுதுங்கள்.

அப்பா பச்சைப் பெட்டியில் போட்டார். திரும்பும் வழியில் அம்மா, செவ்வாய்க்கிழமைக்குப் பரிசல்காரரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.